எப்பிங் காடு: ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கத்து நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சேறு அப்பிய காலணியோடு சென்ட்ரல் லைன் ரயிலில் உட்கார்ந்திருப்பவன் நான். அதனால் கோயில் வரிசையிலும், முடிவெட்டும் கடையிலும், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி வாசலிலும் இந்தக் கேள்விகள் என்னைத் தேடி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எப்பிங் காடு எங்கே இருக்கிறது? நிஜமாகவே காடுதானா?

லண்டனின் வடகிழக்கு ஓரத்தில். தெற்கே மேனர் பார்க்கில் தொடங்கி வடக்கே எப்பிங் ஊரைத் தாண்டிப் போகிறது. நீளம் சுமார் 19 கிலோமீட்டர். அகலமோ எங்கேயும் 4 கிலோமீட்டரைத் தாண்டாது. பல இடங்களில் இந்தப் பக்கம் நுழைந்தால் கால் மணி நேரத்தில் அந்தப் பக்கம் வெளியே வந்துவிடலாம். மொத்தம் ஏறக்குறைய 2,400 ஹெக்டேர். லீ, ரோடிங் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள மேட்டில், மாட்டின் முதுகுபோல நீண்டு கிடக்கிறது. தென்பகுதி லண்டனுக்குள், வடபகுதி எஸ்ஸெக்ஸில்.

மேனர் பார்க் சர்ச் ரோடு முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நடந்தே வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் மைதானத்துக்குப் போகலாம். அந்த மைதானமும் எப்பிங் காட்டின் ஒரு பகுதிதான். பத்து வருடமாக அங்கே கிரிக்கெட் ஆடும் ஒரு தம்பியிடம் இதைச் சொன்னபோது, "மரமே இல்லையே அண்ணா, இது எப்படிக் காடு?" என்றான். நியாயமான கேள்வி. அந்தக் கால இங்கிலாந்தில் 'ஃபாரஸ்ட்' என்றால் மரக்கூட்டம் என்று பொருளில்லை. ராஜாவின் வேட்டைச் சட்டம் செல்லுபடியாகும் எல்லை என்று பொருள். அதற்குள் புல்வெளி, வயல், ஊர் எல்லாமே அடங்கும். சிங்ஃபோர்டில் இன்றும் நிற்கும் மூன்றடுக்கு மரக்கட்டடம் ஒன்று, எட்டாம் ஹென்றி மாடியில் நின்று வேட்டையைப் பார்ப்பதற்காக 1543இல் கட்டப்பட்டது. பெயர் மட்டும் அவர் மகள் எலிசபெத் ராணிக்குப் போய்விட்டது.

மரங்கள் ஏன் இப்படிக் கோணல்மாணலாக, பேய்க்கதையில் வருவதுபோல இருக்கின்றன?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. காட்டின் மொத்தக் கதையும் இதற்குள்தான் இருக்கிறது.

காட்டோர ஊரான லௌட்டன் பக்கம் ஒரு பழைய ஹார்ன்பீம் மரத்தின் முன்னால் போய் நில்லுங்கள். அடிமரம் குட்டையாக, தடிமனாக, முறுக்கிப் பிழிந்த துணிபோல இருக்கும். ஆளுயரத்துக்குச் சற்று மேலே அது திடீரென்று முடிந்து, முட்டி வைத்ததுபோலப் புடைத்து, அங்கிருந்து ஏழெட்டுக் கிளைகள் நேராக வானத்துக்குப் போகும். ஒவ்வொரு கிளையுமே ஒரு மரம் அளவு பருமன்.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது அழைத்துப் போனேன். மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "முருங்கையை ஒடிச்சு வளர்க்கற மாதிரி வளர்த்திருக்காங்க. அப்புறம் ஏன் ஒடிக்காம விட்டுட்டாங்க?" என்று கேட்டார். தகவல் பலகையில் ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்ததை அம்மா இரண்டே வரியில் முடித்துவிட்டார்.

நடந்தது அதேதான். பல நூற்றாண்டுகளாக இங்கே ஊர்மக்களுக்கு இரண்டு உரிமைகள் இருந்தன: மாடு மேய்க்கலாம், கிளை வெட்டி விறகு எடுக்கலாம். மரத்தை அடியோடு வெட்டினால் புதுத்துளிரை மாடும் மானும் தின்றுவிடும். அதனால் அவற்றின் வாய் எட்டாத உயரத்தில், இரண்டு மூன்று மீட்டருக்கு மேலே, தலையை மட்டும் கவாத்து செய்தார்கள். கீழே மேய்ச்சல், மேலே விறகு. சில வருடங்களுக்கு ஒருமுறை அதே இடத்தில் வெட்டு. அப்படி வெட்டுப்படும் மரம் சீக்கிரம் சாகாது. காற்றில் சாயும் அளவுக்கு உயராது. நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். இந்தக் காட்டில் இப்படி வெட்டி வளர்க்கப்பட்ட தொல்மரங்கள் சுமார் 50,000 உள்ளன என்கிறது நிர்வாகம். பீச், ஹார்ன்பீம், ஓக் மூன்றும்தான் அதிகம்.

1878இல் வந்த எப்பிங் காட்டுச் சட்டத்தோடு வெட்டுவது நின்றது (அந்தக் கதை அடுத்த கேள்வியில்). கிளைகள் தடுப்பாரில்லாமல் பருத்தன. நூற்று நாற்பது வருடப் பாரத்தைக் குட்டையான அடிமரம் தாங்க முடியாமல் சில மரங்கள் நடுவே பிளக்கின்றன. மேலே இலைக்கூரை மூடிக்கொண்டதால் தரையில் வெயில் விழுவதில்லை. பீச் மரத்தடியில் புல்கூட முளைக்காமல் வெறும் சருகுதான் கிடக்கும். இப்போது நிர்வாகமே ஆள் வைத்து, தேர்ந்தெடுத்த மரங்களில் மெல்ல மெல்ல மறுபடி வெட்டத் தொடங்கியிருக்கிறது. "காட்டை அழிக்கிறார்களே" என்று கோபப்பட்டு எனக்குப் படம் அனுப்பிய நண்பர்களே, அது அழிப்பு இல்லை. வைத்தியம்.

லண்டனுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இதில் வீடு கட்டாமல் எப்படி விட்டார்கள்?

விடவில்லை. கட்டத்தான் பார்த்தார்கள்.

நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம்: இங்கே பொதுநிலத்துக்குச் சொந்தக்காரர் உண்டு. மண் பண்ணையாருடையது, அதன்மேல் மேய்க்கவும் வெட்டவும் உரிமை ஊராருடையது. ராஜாக்களுக்கு வேட்டையில் ஆர்வம் போனதும் பண்ணையார்களுக்குத் துணிச்சல் வந்தது. பக்கத்திலிருந்த ஹெய்னால்ட் காட்டை 1851இல் சட்டம் போட்டு ராஜாவின் காடு என்ற நிலையிலிருந்து விடுவித்து, பெரும்பகுதி மரங்களைச் சில வாரங்களிலேயே வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அடுத்தது எப்பிங்.

லௌட்டனில் பண்ணையாரும் தேவாலயப் பாதிரியாரும் ஒரே ஆள்: ஜான் மெய்ட்லண்ட். 1860களின் நடுவில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் வேலி போட்டு அடைத்தார். ஊராரின் வெட்டும் உரிமைக்கு ஒரு நிபந்தனை இருந்ததாக நம்பிக்கை: ஒவ்வொரு வருடமும் நவம்பர் 11 நள்ளிரவில் யாராவது ஒருவர் போய் முதல் கிளையை வெட்ட வேண்டும், தவறினால் உரிமை போச்சு. அன்றிரவு பண்ணையார் தரப்பு ஊராருக்கெல்லாம் சாப்பாடும் மதுவும் கொடுத்து மயக்கப் பார்த்ததாகவும், தாமஸ் வில்லிங்கேல் என்ற விறகுவெட்டி மட்டும் கோடரியோடு எழுந்து போய் ஒரு கிளையை வெட்டிவந்து விருந்தில் காட்டியதாகவும் ஒரு கதை உண்டு. கதையில் உப்பு புளி கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். ஆனால் 1866இல் அவர் மகன் உட்பட மூன்று பேர் வேலிக்குள் புகுந்து கிளை வெட்டியதும், அபராதம் கட்ட மறுத்து ஏழு நாள் சிறைக்குப் போனதும் நடந்த விஷயம்.

சிறை விவகாரம் லண்டன் வரை பேச்சாகிவிட்டது. 1865இல்தான் தொடங்கியிருந்த பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் வில்லிங்கேல் பெயரில் வழக்கு நடத்தியது. தீர்ப்பைப் பார்க்காமலே 1870இல் அவர் இறந்தார். வழக்கும் அவரோடு போயிற்று.

அடுத்து வந்தது சிட்டி ஆஃப் லண்டன் மாநகராட்சி. வங்கிகள் நிறைந்த அந்த ஒரு சதுர மைல் நகரத்தின் நிர்வாகம். லண்டன் மேயர் வேறு, இது வேறு. அதற்கு இந்தக் காட்டில் என்ன வேலை? 1850களில் அது மேனர் பார்க் ஓரமாக ஒரு பெரிய இடுகாட்டுக்கு நிலம் வாங்கியிருந்தது. நம்மவர்களில் சிலர் அங்கே இறுதிச் சடங்குக்குப் போயிருக்கக்கூடும். அந்த நிலத்தோடு காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த மாட்டு உரிமையைப் பிடித்துக்கொண்டு 1871இல் மாநகராட்சி பண்ணையார்கள் எல்லோர் மேலும் வழக்குப் போட்டது. 1874இல் நீதிபதி ஜார்ஜ் ஜெஸல், அதற்கு முந்தைய இருபது வருடங்களில் போட்ட வேலிகள் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார்.

1878ஆம் ஆண்டின் எப்பிங் காட்டுச் சட்டம் காட்டை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது: வேலி போடாமல், கட்டடம் கட்டாமல், மக்கள் பொழுதுபோக்குக்கான திறந்த வெளியாக எக்காலமும் வைத்திருக்க வேண்டும். 1882 மே 6 அன்று விக்டோரியா ராணி காட்டுக்குள் உள்ள ஹை பீச் என்ற இடத்துக்கு வந்து காட்டை மக்களுக்கு அர்ப்பணித்தார். படங்களில் அவர்தான் இருக்கிறார்.

எனக்கு உறுத்துவது என்னவென்றால், வெட்டும் உரிமைக்காகச் சிறை போனவர்களால் பிழைத்த காட்டில், அதே சட்டம் வெட்டும் உரிமையை விலை கொடுத்து வாங்கி முடித்துவைத்தது. ஈடாகக் கொடுத்த 7,000 பவுண்டில் லௌட்டனில் ஒரு மண்டபம் கட்டினார்கள், 1884இல். இன்றும் இருக்கிறது. பெயர் லாப்பிங் ஹால். தமிழில் சொன்னால் கிளைவெட்டு மண்டபம்.

ஹை பீச்சில் கடல் இருக்கிறதா?

இல்லை. தமிழில் எழுதினால் பீச் மரமும் கடற்கரையைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் ஒரே 'பீச்' ஆகிவிடுவதால் குழப்பம். நீச்சல் உடையோடு பிள்ளைகளை ஏற்றிவந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அங்கே பீச் மரங்கள் உண்டு, ஒரு தேவாலயம் உண்டு, மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடும் டீக்கடை உண்டு. காட்டில் நூற்றுக்கு மேற்பட்ட ஏரி குளங்கள் இருந்தாலும் எதிலும் குளிக்க அனுமதியில்லை.

நம் ஊருக்கும் இந்தக் காட்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு, கொஞ்சம் வேண்டாத சம்பந்தம். வான்ஸ்டெட் பார்க் இருக்கிறதே, ஏப்ரல் கடைசியில் நீலமணிப்பூக்கள் தரையெல்லாம் விரிந்து, எல்லோரும் படம் எடுத்துப் போடும் இடம்? அந்தப் பண்ணையை 1673இல் வாங்கியவர் சர் ஜோசையா சைல்டு. பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவர். சென்னைக்கு ஒரு மாநகராட்சி வேண்டும் என்று லண்டனிலிருந்து காய் நகர்த்தியவர் அவர்தான். 1687 கடைசியில் சாசனம் எழுதப்பட்டு, 1688 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி நடைமுறைக்கு வந்தது. இங்கே வான்ஸ்டெட்டில் அவர் பெரும் பணம் கொட்டி வால்நட் மரங்களை நட்டதையும் மீன் குளங்கள் வெட்டியதையும் 1683இல் ஒருவர் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நம் பக்கத்து வியாபாரத்தில் வந்த லாபமும் அந்தப் பணத்தில் இருந்தது. அவர் மகன் அங்கே கட்டிய மாளிகையைக் கடனுக்காக 1820களில் இடித்து, கல் கல்லாக விற்றுவிட்டார்கள். நீர்நிலைகளும் சில சிறு கட்டடங்களும் மிச்சம்.

புலி, சிறுத்தை, பாம்பு?

புலியா! இல்லை. பிரிட்டனில் விஷமுள்ள பாம்பு ஒரே வகைதான், 'அடர்' என்று பெயர். அது மனிதர் காலடி அதிர்ந்தாலே ஒதுங்கிவிடும். இத்தனை வருடத்தில் நான் இங்கே பார்த்ததில்லை.

மான் உண்டு. எப்பிங் காட்டு மான்களில் பல கருநிறம், புள்ளி தெரியாது. அந்தி நேரத்தில் மரத்தின் நிழல் நகர்வதுபோலத்தான் இருக்கும், காது அசைந்தால்தான் மான் என்று தெரியும். கார் ஓட்டுகிறவர்களுக்கு இது விளையாட்டல்ல: சாயங்காலம் காட்டுச் சாலையில் ஒரு மான் தாண்டினால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிச்சயமாகப் பார்க்க வேண்டுமென்றால் தெய்டன் பாய்ஸ் அருகே வேலியிட்ட மான் காப்பகம் இருக்கிறது; உள்ளே விடமாட்டார்கள், வெளியே நின்று பார்க்கலாம்.

மாடும் உண்டு. நீண்டு வளைந்த கொம்புள்ள லாங்ஹார்ன் இனம். கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை. எல்லையை நெருங்கினால் ஒலி எழுப்பும், அதையும் மீறினால் லேசாக ஒரு மின்னதிர்வு கொடுக்கும். வேலி போடக்கூடாது என்ற சட்டத்துக்குள் மாட்டை நிறுத்த இப்படி ஒரு வழி. சாதுவானவை. அதற்காகக் கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போய் செல்ஃபி எடுக்காதீர்கள்.

மழைக்குப் பிறகு காளான் நிறைய முளைத்திருக்கிறதே, பறிக்கலாமா?

கூடாது. சட்டப்படி தடை, பைநிறையப் பறித்தவர்கள்மேல் வழக்குப் போட்டு அபராதம் வாங்கியிருக்கிறார்கள். இந்தக் காளான்களில் பல, மரவேர்களோடு கூட்டுவாழ்க்கை நடத்துபவை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் உங்கள் ஈரல். ஓக், பீச் மரங்களடியில் 'டெத் கேப்' என்ற ஒன்று முளைக்கும். வெளிர்பச்சைக் குடை, பார்க்க அழகு, ஊர்க் காளான் தெரிந்தவர்களைக்கூட ஏமாற்றும். கொதிக்க வைத்தாலும் விஷம் போகாது. ஒரே ஒரு காளான் ஆளைக் கொன்றுவிடும்.

தை மாதம் அங்கே பொங்கல் வைக்கலாமா? பார்பிக்யூ?

இரண்டுமே நெருப்பு, இரண்டுக்கும் அனுமதியில்லை. 2018 ஜூலையில் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் புல்வெளி எரிந்தபோது 200க்கு மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். வானம்பாடிகள் தரையில் கூடு கட்டும் இடம் அது. வசந்தத்தில் அந்தப் பகுதியைத் தற்காலிகமாகத் தடுத்து வைப்பார்கள். பொங்கலை வீட்டில் வைத்து டப்பாவில் கொண்டு போங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். ஜனவரிக் குளிரில் பீச் மரத்தடியில் நின்று பிளாஸ்கில் வைத்த சூடான சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டிருக்கிறீர்களா?

வழி தவறிவிடுவோமா?

தவறுவீர்கள். குறுகிய காடுதானே என்ற அலட்சியம்தான் காரணம். ஒரு டிசம்பர் மாதம் மச்சானோடு போனேன். மூன்று மணிக்குத் திரும்ப ஆரம்பித்தால் போதும் என்பது என் கணக்கு. அந்த மாதத்தில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும் என்பதை மறந்துவிட்டேன். களிமண் பாதையில் மச்சானின் ஒரு காலணி சேற்றோடு போக, அதைத் தோண்டி எடுத்த பத்து நிமிடத்தில் இருட்டு கட்டியது. சாலைச் சத்தம் எல்லாப் பக்கமும் கேட்டது. எந்தப் பக்கம் எந்தச் சாலை என்றுதான் தெரியவில்லை. கைபேசியில் வரைபடம் இருந்தது, குளிரில் பேட்டரி இல்லை. கடைசியில் நாயை நடக்கக் கூட்டிவந்த ஒரு அம்மா, கழுத்தில் தொங்கிய விளக்கோடு வந்து காப்பாற்றினார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து சாலை முந்நூறு அடிகூட இல்லை.

நவம்பர் முதல் மார்ச் வரை நீர்புகாத உயரக் காலணி வேண்டும். கோடையில் முழுக்கால் சட்டை போடுங்கள். புல்லில் உண்ணி உண்டு, லைம் நோய் அதனால் வரும். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பாருங்கள். ஓக் மரத்தில் வரிசையாக ஊர்ந்து போகும் கம்பளிப்புழுக்களைத் தொட வேண்டாம், உடம்பெல்லாம் அரிக்கும்.

'செமி-ரூரல்' (பாதிக் கிராமம்) என்று போட்டு வீடு விற்கிறார்களே, காட்டோரம் வாங்கலாமா?

அது தரகர்களின் சொல். அர்த்தம்: ஒரு கால் ரயில் நிலையத்தில், ஒரு கால் சேற்றில். லண்டனைச் சுற்றிய பசுமை வளையச் சட்டங்களால் காட்டோர ஊர்கள் பெருகவில்லை, அதனால்தான் விலை. தெய்டன் பாய்ஸில் சுரங்க ரயில் நிற்கும், ஆனால் ஊரில் தெருவிளக்கு கிடையாது. வேண்டாம் என்று ஊரே வைத்திருக்கும் வழக்கம். இரவு வேலை முடிந்து வருகிறவர் டார்ச் அடித்துத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். உங்களுக்கு அது பிடிக்குமா என்று வாங்குவதற்கு முன் ஒரு ஜனவரி இரவில் போய்ப் பாருங்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எப்போது, எந்த வழி?

அக்டோபர் கடைசி, அல்லது நவம்பர் முதல் வாரம். பீச் இலை செப்புப் பாத்திரம் துலக்கியதுபோல நிற்கும். மேனர் பார்க்கிலிருந்து எப்பிங் வரை சுமார் 24 கிலோமீட்டர் நடைபாதை ஒன்று உண்டு. கால் பலமுள்ளவர்கள் போகலாம். மற்றவர்களுக்கு நான் சொல்வது பாதி வழி. சென்ட்ரல் லைனில் லௌட்டனில் இறங்குங்கள். ஸ்டேபிள்ஸ் ஹில் வழியாக ஏறினால், இரும்புக் காலத்து மண்கோட்டையான லௌட்டன் கேம்ப் வரும். மேடும் பள்ளமும்தான் தெரியும், மேலே முறுக்கிய பீச் மரங்கள். அங்கிருந்து வடக்கே நடந்தால் ஆம்பிரஸ்பரி பேங்க்ஸ், அதுவும் மண்கோட்டை. பூடிக்கா ராணி ரோமானியரோடு கடைசிப் போர் செய்த இடம் என்பார்கள். ஆதாரம் எதுவும் இல்லை.

கடைசியில் எப்பிங்கை ஒட்டிய பெல் காமன் வரும். அங்கே ஒரு கிரிக்கெட் மைதானம் இருக்கும். பிட்சுக்குக் கீழே சுரங்கத்தில் எம்25 நெடுஞ்சாலை ஓடுகிறது. 1980களில் அதைக் கட்டியபோது காட்டைக் கீறாமலிருக்கத் தோண்டி, மூடி, மேலே புல் போட்டுவிட்டார்கள். எல்லைக்கோட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், லாரிகள் உங்கள் காலடியில் போய்க்கொண்டிருக்கும். அங்கிருந்து எப்பிங் நிலையம் அரை மணி நேர நடை. அது கடைசி நிலையம் என்பதால் திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைக்கும். ஏறுவதற்கு முன் காலணியைத் தட்டிக்கொள்ளுங்கள்.